டென்மார்க்கின் கொல்லுப் பட்டறைகளும் காற்றாலைத் தொழிலும்

டென்மார்க்கு தேசத்தின் பெயர் நம் குடியானவர்களுக்குப் புதியதன்று. ஐக்கிய சங்கங்களைப் பற்றியோ பால், வெண்ணெய் வியாபாரத்தைப் பற்றியோ யார் பேசினாலும் அச்சிறு தேசத்தை ஒரு முறையேனும் எடுத்துக்காட்டாமல் விடுவதில்லை. 1882-ம் வருஷத்தில் அந்நாட்டின் மேற்குப் பாகத்திலுள்ள ஹியெடிங் என்னும் கிராமத்தில் குடியானவர்கள் கூடி முதல் ஐக்கியப் பாற்சாலையை ஏற்படுத்திய கதை பலருக்கும் தெரிந்ததே. ஆனால் அதே ஜில்லாக்களின் குடியானவர்களும், அவர்களுக்கு வண்டியும் பாற்பாத்திரமும் செய்து கொடுத்து வந்த பட்டறைக்காரர்களும் சுமார் நூறு வருஷங்களுக்குப் பின் ஒன்று சேர்ந்து, காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் யந்திரத் தொழிலொன்றை நிலைநாட்டிய வரலாறு நம்மவர்களிடையே அவ்வளவாகப் பரவவில்லை.

அத்தொழிலில் எந்தப் பட்டறையும் தனியாக ஒரு முழு யந்திரத்தைக் கண்டுபிடித்ததென்று சொல்வதற்கில்லை. இறக்கை ஒருவரிடமிருந்தும், உருவம் மற்றொருவரிடமிருந்தும், பிழை எங்கே என்னும் அறிவு யந்திரத்தை விலை கொடுத்து வாங்கியவர்களிடமிருந்தும் வந்தன. ஒருவருக்கொருவர் போட்டியாக வியாபாரம் செய்தவர்களிடையே இப்படிப்பட்ட கூட்டு எவ்வாறு ஏற்பட்டது, எதனால் உறுதிப்பட்டது, எங்கே தளர்ந்தது என்பவை கவனிக்கத்தக்கவை.

நிலமும் பட்டறைகளும்

ஜட்லந்து என்னும் தீபகற்பத்தின் மேற்குப் பகுதி மணற்பாங்கான பூமி. வடகடலிலிருந்து வீசும் காற்று அங்கே பெரும்பாலும் ஓய்வதில்லை. அப்பூமியில் பெரிய நகரங்கள் இல்லை. பண்ணைகளும், பண்ணைகளுக்கு வேண்டிய சாமான்களைச் செய்யும் சிறு தொழிற்சாலைகளுமே உண்டு. லெம் என்ற ஊரில் 1898-ல் ஒரு கொல்லர் பட்டறை வைத்தார். அவர் குடும்பத்தார் 1945-ல் ஏற்படுத்திய வெஸ்டாஸ் கம்பெனி முதலில் சமையலறைச் சாமான்களும், பின்னர்ப் பால் குளிரவைக்கும் கருவிகளும், பண்ணை வண்டிகளும், பாரந்தூக்கிகளும் செய்து வந்தது. பிராண்டெ என்ற ஊரில் டான்ரெய்ன் என்னும் கம்பெனி வயலுக்கு நீர் தெளிக்கும் குழாய்ச் சாதனங்களைச் செய்தது. பாலெ என்ற ஊரில் நோர்ட்டாங்க் கம்பெனியார் எண்ணெய் லாரிகளுக்கு உருளைத் தொட்டிகள் செய்தார்கள். லூண்டர்ஸ்கோவ் என்ற ஊரில் நாற்காலி, மேஜை செய்து வந்த தொழிற்சாலையொன்று காலக்கிரமத்தில் கண்ணாடி நாரையும் பிசினையும் கொண்டு படகு செய்யக் கற்றுக்கொண்டது.

பிற்காலத்தில் காற்றாலைக்கு வேண்டியிருந்த கைத்திறன்கள் யாவும் இவர்களிடம் ஏற்கெனவே இருந்தன என்பதைக் காணலாம். தொட்டிக்குத் தகடு வளைப்பவனுக்குக் கோபுரம் செய்வது கடினமன்று. பாரந்தூக்கி செய்பவனுக்குப் பற்சக்கரமும் எண்ணெய் அழுத்தமும் பழக்கமானவை. வேறு வேறு ஊரில் கிடந்த இத்திறன்களை ஒன்றோடொன்று சேர்ப்பிக்கும் காரணமொன்றே குறைவாயிருந்தது.

காற்றில் மின்சாரம் எடுக்கும் அறிவும் அங்கே பழையதே. தென் ஜட்லந்தில் அஸ்கோவ் என்னுமிடத்திலுள்ள கிராமக் கலாசாலையில் உபாத்தியாயராயிருந்த போல் லா கூர் என்பவர் 1891-ல் சர்க்கார் பொருளுதவியோடு ஒரு காற்றாடி யந்திரம் கட்டி, மின்சாரம் உண்டாக்கினார். அம்மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் வாயுவைச் சேமித்து, 1895 முதல் சில வருஷங்கள் கலாசாலைக்கு விளக்கேற்றினார். இதைவிட முக்கியமானது, அவர் கிராமத்து இளைஞர்களுக்கு மின்சார வேலையில் வகுப்பு நடத்தியது. அவ்வகுப்பில் 1904-ல் சேர்ந்த யோஹன்னஸ் யூல் என்ற பதினேழு வயதுப் பையன், முதுமைப் பருவத்தில், 1957-ல், கெட்ஸர் என்னும் கடற்கரையூரில் 200 கிலோவாட் சக்தியுள்ள காற்றாலையொன்றை நிறுவினார். மூன்று இறக்கைகள், 24 மீட்டர் விட்டம். பத்து வருஷம் பெரிய பழுதில்லாமல் ஓடியபின், எண்ணெய் மலிவாகக் கிடைத்தமையால் 1967-ல் அது நிறுத்தப்பட்டது.

யூல் செய்த ஏற்பாடு மிகவும் எளியது. நம் கிணறுகளில் பம்பை ஓட்டும் சாதாரண இண்டக்ஷன் மோட்டாரைப் போன்றதே அவர் ஜெனரேட்டர். அம்மோட்டாரை மின்சாரக் கம்பியோடு இணைத்து, அதன் இயல்பான வேகத்துக்குச் சற்று மேலாக வெளியிலிருந்து சுழற்றினால், அது மின்சாரத்தை வாங்குவதற்குப் பதிலாகக் கம்பிக்குத் திருப்பிக் கொடுக்கும். கம்பியே அதன் வேகத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். காற்று மிகுந்தால் இறக்கையின் மேற்புறத்தில் ஓட்டம் கலைந்து இழுப்புக் குறைந்து, சக்தி தானாகவே ஓரளவில் நின்றுவிடும்படி இறக்கையின் சாய்வு அமைக்கப்பட்டிருந்தது.

தச்சரும் இறக்கையும்

1973-ல் எண்ணெய் விலை ஏறியபோது டென்மார்க்கு தன் எரிபொருள் தேவையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு இறக்குமதி எண்ணெயையே நம்பியிருந்தது. சர்க்காரில் அணுசக்தியைப் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருக்கையில், மேற்கு ஜட்லந்தில் கிறிஸ்டியன் ரீஸாகர் என்ற தச்சர் யூலின் முறையைப் பின்பற்றிச் சிறிய காற்றாலையொன்றைத் தாமே செய்தார். கையிற் கிடைத்த மோட்டார் வாகன உறுப்புகளும், கடையில் வாங்கிய மின்சார மோட்டாரும், மர இறக்கைகளுமே அதன் உடல். 1975 வாக்கில் 22 கிலோவாட், அதாவது சுமார் 30 குதிரைசக்தி, அளவில் அவர் செய்த யந்திரம் மின்சாரக் கம்பியோடு இணைக்கப்பட்டு நன்றாக ஓடிற்று. அதைப் பார்த்தவர்கள் தங்களுக்கும் ஒன்று வேண்டுமென்றார்கள். பார்த்த கொல்லர்கள் தாங்களும் ஒன்று செய்யலாமென்றார்கள்.

ஆனால் கோபுரம், பற்சக்கரப் பெட்டி, மோட்டார் ஆகியவற்றைக் கடையில் வாங்கலாம். இறக்கையைக் கடையில் வாங்க முடியாது. காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் சக்தி எட்டு மடங்காகிறது. ஆகையால் சாதாரண நாளில் ஓடும் இறக்கை வேறு, புயல் நாளில் முறியாமல் நிற்கும் இறக்கை வேறு. இறக்கையின் அடிப்பாகத்தை இரும்புக் குடத்தோடு பொருத்துமிடமே எல்லாவற்றிலும் கடினமானது. நாரும் பிசினும் ஒரு பக்கம், இரும்பு மற்றொரு பக்கம். இடையிலுள்ள மூட்டு கோடிக்கணக்கான தடவை வளைந்து நிமிரவேண்டும்.

இந்த இடர்ப்பாட்டைத் தீர்த்தவர்கள் தொழிற்சாலைக்காரர்கள் அல்லர். உல்ப்போர்க் என்ற ஊரையடுத்துத் துவிண்ட் என்னுமிடத்தில் இருந்த பள்ளிக்கூடத்துக் கூட்டத்தார், உபாத்தியாயர்களும் மாணாக்கர்களும் ஊரார் பலருமாக, 1975 முதல் மூன்று வருஷம் பாடுபட்டு 53 மீட்டர் உயரக் கோபுரத்தின் மேல் மாபெரும் காற்றாலையொன்றைக் கட்டினார்கள். அது 1978 மார்ச்சு மாதத்தில் சுழலத் தொடங்கிற்று. அதன் இறக்கை மூட்டுக்கு அவர்கள் கையாண்டது உல்ரிக் ஹூட்டர் என்ற ஜெர்மானிய எஞ்சினீயர் 1950-களில் கண்ட முறை: இரும்புத் தண்டு செல்லும் குழாய்களைச் சுற்றிக் கண்ணாடி நாரை இழை இழையாக வளைத்து இழுத்து, இறக்கையின் உடலோடு ஒன்றாக்கிவிடுவது. கயிறு திரிப்பவன் வளையத்தைச் சுற்றிக் கண்ணி போடுவதைப் போன்றது இது. பெரிய இறக்கைக்கு முன்னால் கைபழகுவதற்காக அவர்கள் சிறு இறக்கையும் அதற்கு அச்சும் செய்திருந்தார்கள். அவ்வச்சு பிறர் உபயோகத்துக்கு விடப்பட்டது.

அச்சைக் கொண்டு போனவர் எரிக் குரோவ் நீல்ஸன் என்பவர். எக்கேயர் என்ற பண்ணையில் 1977-ல் இறக்கை மட்டும் செய்து விற்கத் தொடங்கினார். அன்று முதல், காற்றாலை செய்ய விரும்பும் எந்தக் கொல்லனும் இறக்கைக்காகத் தவங்கிடக்க வேண்டியதில்லை என்ற நிலை ஏற்பட்டது. ஒருவரிடமே பலர் இறக்கை வாங்கியதால் மற்றொரு பலனும் விளைந்தது: எந்தப் பட்டறையின் யந்திரத்தில் இறக்கைக்குக் கேடு வந்தாலும் அச்செய்தி ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தது.

கேடும் தாமதியாமல் வந்தது. காற்றாலையின் வேகத்தைப் பிடித்திருப்பது மின்சாரக் கம்பி என்று மேலே சொல்லப்பட்டது. புயலில் கம்பி அறுந்தாலோ, மின்சாரம் நின்றாலோ, பிடி விட்டுப்போகிறது. கவலை இறைக்கும்போது பறி நிறைந்த பாரத்தில் வடம் அறுந்தால் மாடுகள் சரிவில் குப்புறப் பாய்வதை நம் குடியானவர்கள் கண்டிருப்பார்கள். அவ்வாறே பாரம் நீங்கிய காற்றாடி கணத்தில் தறிகெட்டுச் சுழல்கிறது. அச்சில் மாட்டிய இரும்புத் தடை ஒன்றே இருந்து, அதுவும் தவறினால், இறக்கைகள் பிய்ந்து வயல்களில் போய் விழும். 1978-ம் வருஷக் கடைசியிலிருந்து அடித்த புயல்களில் இப்படிச் சில யந்திரங்கள் நாசமாயின. வாங்கினவர்கள் பெரும்பாலும் கைப்பணத்தையோ பாங்கிக் கடனையோ போட்டவர்கள். அக்கம்பக்கத்தில் வீடுகள் வேறு. தொழில் முளையிலேயே கருகிப் போயிருக்கக்கூடிய சமயம் அது.

அப்போது யூலின் பழைய கெட்ஸர் யந்திரம் மறுபடியும் நினைவுக்கு வந்தது. அதில் ஒவ்வோர் இறக்கையின் நுனியும் தனியே திரும்பும்படி செய்யப்பட்டிருந்தது. வேகம் மிஞ்சினால் நுனிகள் குறுக்கே திரும்பிக் காற்றையே தடையாக்கி யந்திரத்தை அடக்கும். குரோவ் நீல்ஸன் தம் 5 மீட்டர் இறக்கைகளில் இந்நுனித் தடையைப் பொருத்தலானார். வேகத்தால் உண்டாகும் வெளித்தள்ளும் விசையே அதைத் திருப்பி விடுவதால், அதற்கு மின்சாரமும் வேண்டியதில்லை, ஆளும் வேண்டியதில்லை.

ஒரு கொல்லரும் ஒரு மாணாக்கரும்

ஹெர்போர்க் என்ற கிராமத்தில் கார்ல் எரிக் யோர்கென்ஸன் என்னும் கொல்லரும், பள்ளிப் படிப்பை முடித்திருந்த ஹென்ரிக் ஸ்டீஸ்டால் என்னும் இளைஞரும் சேர்ந்து மூன்று இறக்கைக் காற்றாலையொன்றை அமைத்தார்கள். இறக்கைகள் எக்கேயர் பண்ணையிலிருந்து வந்தன. யந்திரம் நன்றாக ஓடிற்று. ஆனால் பத்து, நூறு என்று செய்து விற்க அவர்களிடம் முதல் இல்லை.

அதே காலத்தில் லெம் ஊர் வெஸ்டாஸ் கம்பெனியாரிடம் முதல் இருந்தது, வேலையாட்கள் இருந்தார்கள், விற்கும் வழி இருந்தது. நல்ல யந்திரம் மட்டும் இல்லை. அவர்கள் மத்துப்போல் நிமிர்ந்து நின்று சுழலும் வேறொரு வகையில் சில காலம் பரீக்ஷை செய்து திருப்தி காணாதிருந்தார்கள். 1979-ல் கம்பெனியார் கொல்லரின் யந்திரத்தைச் செய்து விற்கும் உரிமையை லைசென்ஸ் மூலம் பெற்றார்கள். பிற்காலத்தில் உலகமெங்கும் பெயர் பரவிய கம்பெனியின் தொடக்கம் இதுவே. வெளியில் பிறந்ததை வாங்கிக்கொள்வது கௌரவக் குறைவென்று வெஸ்டாஸ் எண்ணவில்லை. தம் பொருளைப் பெரிய கம்பெனிக்குக் கொடுத்தால் பறிபோய்விடுமென்று கொல்லரும் எண்ணவில்லை. இரண்டும் எளிதில் நடப்பவை அல்ல. ஊர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒருவர் யந்திரத்தை மற்றவர் நேரிற் போய்ப் பார்க்க ஒரு பகற்பொழுது போதும். காகிதத்தில் எழுதிய உறுதிமொழியைவிட இவ்வகைப் பார்வை நம்பிக்கை தருவது.

டான்ரெய்னும் நோர்ட்டாங்க்கும் அடுத்த இரண்டொரு வருஷங்களில் இத்தொழிலில் இறங்கின. டான்ரெய்னின் காற்றாலைப் பிரிவே பிறகு போனஸ் என்ற பெயரைப் பெற்றது. நோர்ட்டாங்க் தன் தொட்டித் திறமையைக் கொண்டு, சட்டக் கோபுரத்துக்குப் பதிலாக உருண்டைக் குழாய்க் கோபுரம் செய்தது. லூண்டர்ஸ்கோவ் படகுக்காரர்கள் இறக்கை செய்தார்கள், எல்.எம். என்ற பெயருடைய அத்தொழிற்சாலை எந்த ஒரு காற்றாலைக் கம்பெனிக்கும் சொந்தமாக இராமல் பலருக்கும் விற்றது.

மாதந்தோறும் கணக்கு

வாங்கியவர்கள் இக்கூட்டில் பெற்ற இடமே இவ்வரலாற்றில் மிகவும் விசேஷமானது. 1970-களின் பிற்பகுதியில், புதுவகைச் சக்திகளில் ஆர்வமுடையோர் 'காற்றுக் கூட்டம்' என்னும் கூட்டங்களை வருஷத்திற் சில முறை நடத்தி வந்தார்கள். செய்பவர், வாங்கினவர், வாங்க எண்ணுபவர், கணக்குப் போடத் தெரிந்த எஞ்சினீயர் எல்லோரும் அங்கே ஒன்றாய்க் கூடி, எந்த யந்திரம் ஓடுகிறது, எது நின்றது, ஏன் நின்றது என்று வெளிப்படையாய்ப் பேசினார்கள். 1978-ல் காற்றாலைச் சொந்தக்காரர்கள் தனிச் சங்கம் ஏற்படுத்திக்கொண்டார்கள். 'இயற்கைச் சக்தி' என்று பொருள்படும் பெயருடைய மாதப் பத்திரிகையில் ஒவ்வொரு சொந்தக்காரரின் யந்திரமும் அம்மாதம் உண்டாக்கிய மின்சாரமும், நேர்ந்த பழுதுகளும், யந்திரத்தைச் செய்தவர் பெயரோடு அச்சாயின.

பசுக்களின் பாலை அளந்து கணக்கெழுதும் முறையை அறிந்தவர்களுக்கு இது வியப்பாயிராது. உலகத்தின் முதல் பால் அளவுச் சங்கம் 1895-ல் ஏற்பட்டது. ஏற்பட்ட இடம் தென் ஜட்லந்திலுள்ள வேயென். லா கூர் காற்றாடி வைத்த அஸ்கோவ் அதை அடுத்துள்ள ஊரே. எந்தப் பசு தீனிக்குத் தக்க பால் தருகிறது, எது தின்று மட்டும் நிற்கிறது என்பதைக் கணக்கால் அறிந்து மந்தையைத் திருத்திய ஜனங்களின் பேரப்பிள்ளைகள், காற்றாலைக்கும் அப்படியே கணக்கு வைத்தார்கள். இரண்டு முறைகளும் ஒரே சுபாவத்தைச் சேர்ந்தவை.

இப்பத்திரிகையின் பலம் சாதாரணமானதன்று. வாங்க எண்ணுபவன் விளம்பரத்தை நம்ப வேண்டியதில்லை. பன்னிரண்டு மாதக் கணக்கைப் புரட்டினால் போதும். யந்திரம் செய்பவனுக்கோ, தன் பிழையைத் தான் மறைத்தாலும் வாங்கினவன் மறைக்கப்போவதில்லையென்பது தெரிந்திருந்தது. மறைக்க முடியாத பிழையைச் சீக்கிரம் திருத்துவதே லாபம். போட்டிக்காரனுடைய பிழையையும் அதே பக்கத்தில் படிக்கலாமாகையால், ஒருவனுடைய நஷ்டம் மற்றப் பட்டறைகளுக்குச் செலவில்லாத பாடமாயிற்று. போட்டிக்காரர்களிடையே உடன்படிக்கை இல்லாமலே அறிவு பரவியதற்கு இக்கணக்கே முக்கிய காரணமெனலாம். செய்பவர்களுக்கு இது எப்போதும் இனிமையாயிருந்திராது.

பரீக்ஷை நிலையத்தின் பங்கு

1978-ல் சர்க்கார் ரிஸோ என்னுமிடத்திலுள்ள ஆராய்ச்சி நிலையத்தில் சிறு காற்றாலைகளுக்கென ஒரு பரீக்ஷைப் பிரிவை ஏற்படுத்தினர். ரிஸோ, அணுசக்தி ஆராய்ச்சிக்காக ஏற்பட்ட ஸ்தாபனம். அங்கே சில எஞ்சினீயர்களே இவ்வேலைக்கு விடப்பட்டார்கள். அடுத்த வருஷம், காற்றாலை வாங்குவோருக்கு விலையில் நூற்றுக்கு 30 பங்கு மானியம் தருவதாகவும், ரிஸோவின் அங்கீகாரம் பெற்ற யந்திரத்துக்கே அது கிடைக்குமென்றும் சட்டமாயிற்று. மானிய விகிதம் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1989-ல் அடியோடு நின்றது.

இவ்வேற்பாட்டின் நுட்பத்தைக் கிராம அதிகாரிகள் கவனிப்பது நலம். மானியம் செய்பவனுக்குப் போகவில்லை, வாங்குபவனுக்குப் போயிற்று. ஆகையால் எந்த யந்திரம் நல்லதென்று தேர்ந்தெடுக்கும் அதிகாரம் குடியானவனிடமே நின்றது. அதே சமயத்தில் அங்கீகாரமில்லாமல் விற்க முடியாதாகையால், ஒவ்வொரு பட்டறையும் தன் வரைபடங்களோடும் கணக்குகளோடும் ரிஸோவின் கதவைத் தட்ட வேண்டியதாயிற்று. வந்தவர்களில் பலருக்கு இறக்கையின் மேலுள்ள பாரத்தைக் கணக்கிடத் தெரியாது. அங்கிருந்த எஞ்சினீயர்கள் அவர்களைத் திருப்பி அனுப்பாமல், கணக்கிடும் முறையை எழுதிக் கொடுத்து, பொறியை அளந்து, குறை சொல்லி, திருத்திக்கொண்டு வரும்படி அனுப்பினார்கள். பரீக்ஷை அதிகாரி போதகராகவும் ஆனார். ஒரு யந்திரத்தில் கண்ட ஆபத்து, மறு வருஷம் எல்லா யந்திரங்களுக்கும் விதியாக வந்தது. ஒன்றையொன்று சாராத இரண்டு தடைகள் ஒவ்வொரு காற்றாலைக்கும் இருந்தே தீரவேண்டும் என்ற விதி அவ்வாறு ஏற்பட்டதே. சொந்தக்காரர் சங்கத்தாரும் இதை வற்புறுத்தினார்கள். கெட்ஸரின் பழைய யந்திரமும் 1977 முதல் சில காலம் மறுபடி ஓட்டப்பட்டு, அமெரிக்க உதவியோடு அளக்கப்பட்டது. அவ்வளவைகள் அனைவருக்கும் பொதுவாயின.

பெரிய தேசங்களின் முயற்சி

அதே வருஷங்களில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சர்க்கார், விமானமும் பெரிய மின்சார யந்திரங்களும் செய்யும் கம்பெனிகளைக் கொண்டு பிரம்மாண்டமான காற்றாலைகளைக் கட்டிற்று. 1979-ல் வட கரோலினாவில் 2,000 கிலோவாட். பின்னர் போயிங் கம்பெனி செய்தவை 2,500 கிலோவாட். ஜெர்மனியில் 1983-ல் நிறுவப்பட்ட குரோவியன் என்ற யந்திரம் 3,000 கிலோவாட், 100 மீட்டர் விட்டம். அது எல்லாம் சேர்ந்து சில நூறு மணி நேரமே ஓடி, 1988-ல் பிரித்தெடுக்கப்பட்டது. இவற்றைச் செய்தவர்கள் டேனிஷ் கொல்லர்களைவிடக் கல்வியில் குறைந்தவர்கள் அல்லர். டென்மார்க்கின் சர்க்காரும் மின்சாரக் கம்பெனிகளும்கூட நிபே என்ற ஊரில் 630 கிலோவாட் யந்திரம் இரண்டை வைத்துப் பார்த்தார்கள்.

வேற்றுமை எங்கே என்றால், பெரிய யந்திரம் ஒன்று இரண்டே உண்டு. அதன் பிழையைக் கண்டறிய வருஷங்கள் செல்லும். கண்டபின் அதைத் திருத்தி மற்றொன்று செய்யக் காசு கிடைக்காது. ஜட்லந்திலோ 22, 30, 55 கிலோவாட் என்று படிப்படியாக நூற்றுக்கணக்கில் செய்து, ஒவ்வொரு குளிர்காலத்தையும் ஒரு பரீக்ஷையாக்கிக்கொண்டார்கள். பிழை செய்தால் ஒரு சிறு யந்திரம் போகும். பாடம் எல்லோருக்கும் கிடைக்கும்.

காற்றாலை தனி ஆளுக்கு விலை மிஞ்சிய சாமானானபோது, பாற்சாலைக்குச் சேர்ந்ததுபோலவே அக்கம்பக்கத்தார் பங்கு போட்டு வாங்கினார்கள். பங்குதாரர் காற்றாலையின் அருகில் வசிக்கவேண்டும், ஒருவர் இவ்வளவுக்கு மேல் பங்கு வாங்கக்கூடாது என்ற கட்டுப்பாடுகள் இருந்தன. 1990-களின் இறுதியில் சுமார் ஒரு லட்சம் குடும்பங்களுக்கு இவ்வாறு பங்கு இருந்தது.

கூட்டு தளர்ந்த விதம்

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் வரிச்சலுகை காரணமாகக் காற்றாலைகளுக்குப் பெருந்தேவை ஏற்பட்டது. உறுதியானவையென்று பெயரெடுத்த டேனிஷ் யந்திரங்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறின. லெம், பிராண்டெ போன்ற ஊர்களில் கேட்டவருக்கெல்லாம் வேலை கிடைத்தது. ஆனால் யந்திரம் இப்போது எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், பாலைவனக் கணவாய்களில், கம்பெனிகளின் கையில் ஓடிற்று. பழுதானால் பக்கத்து வயற்காரன் சொல்லப்போவதில்லை. மாதக் கணக்கு பத்திரிகையில் வரப்போவதில்லை. 1985 டிசம்பரோடு வரிச்சலுகை முடிந்தது. மறு வருஷமே பல டேனிஷ் கம்பெனிகள் திவாலாயின. வெஸ்டாஸும் 1986 அக்டோபரில் கடன்காரர்களுக்குக் கொடுப்பதை நிறுத்தி, பாரந்தூக்கி முதலிய பிரிவுகளை இழந்து, 1987-ல் காற்றாலைக்கு மட்டுமான கம்பெனியாகப் புதிதாய்த் தொடங்க வேண்டியிருந்தது.

யந்திரம் பெரிதாகப் பெரிதாகத் தொழிலின் சுபாவமும் மாறிற்று. இறக்கை முறிவுகளுக்குப் பின் வெஸ்டாஸ் இறக்கைகளைத் தானே செய்யத் தலைப்பட்டிருந்தது; தன் கணக்கும் முறையும் தன்னோடு இருக்கவேண்டுமென்ற எண்ணம் அதனோடு வளர்ந்தது. நோர்ட்டாங்க்கும், அதிலிருந்து பிரிந்தவர் தொடங்கிய மிக்கானும் 1997-ல் ஒன்றாயின. அவ்விணைப்பை 2004-ல் வெஸ்டாஸ் விழுங்கிற்று. அதே வருஷத்தில் போனஸை ஜெர்மானிய சீமென்ஸ் வாங்கிற்று. 22 கிலோவாட் யந்திரத்தின் பிழையைக் கூட்டத்தில் எழுந்து சொல்லும் பட்டறைக்காரனுக்கு இழக்க வேண்டியது கொஞ்சம். பங்குச் சந்தையில் விலைபோகும் கம்பெனிக்கு அப்படியல்ல. இதைக் குறையென்று மட்டும் சொல்வதற்கில்லை. கடலின் நடுவே நிறுத்தும் ராட்சத யந்திரத்தைக் கொல்லுப் பட்டறை செய்ய இயலாது.

தமிழ்நாட்டில்

1986-ல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில், டேனிஷ் வழியில் அமைந்த 55 கிலோவாட் காற்றாலைகள் சர்க்கார் மாதிரி நிலையமாக வைக்கப்பட்டன. அதன்பின் டென்மார்க்கின் உதவித் திட்டத்தின்கீழ் முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் காற்றாலைப் பண்ணைகள் ஏற்பட்டன. 1998-ல் சென்னையில் மத்திய சர்க்காரின் காற்றுச் சக்தி ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டு, கயத்தாற்றில் அதன் பரீக்ஷை நிலையமும் டென்மார்க்கின் துணையோடு அமைந்தது. யந்திரம் வந்தது, பரீக்ஷை முறையும் வந்தது.

வாங்கியவர் மட்டும் வேறு. 1990-களில் இங்கே காற்றாலைக்குப் பணம் போட்டவர்களில் பெரும்பாலோர் நூற்பாலைக்காரர்களும் மற்றக் கம்பெனிகளுமாவர். முதல் வருஷத்திலேயே முழு விலையையும் தேய்மானமாகக் கழித்து வருமான வரி குறைக்கலாமென்ற சலுகை அவர்களை ஈர்த்தது. அச்சலுகை யந்திரம் நின்றதற்கே கிடைத்தது, ஓடியதற்கு அல்ல. கரிசல் நிலத்துக் குடியானவர் பலர் கோபுரம் நிற்கும் துண்டை ஒரே விலைக்கு விற்றுவிட்டு, மீதி நிலத்தில் பழையபடி மானாவாரிச் சாகுபடி செய்து வந்தார்கள். ஆடிக் காற்றில் தலைக்கு மேலே இறக்கை ஓடுவதையும், நல்ல காற்றடிக்கும் நாளிலும் சில நிற்பதையும் அவர்கள் கண்ணால் கண்டார்கள். எது எவ்வளவு மின்சாரம் கொடுத்தது, ஏன் நின்றது என்பதைக் கேட்க அவர்களுக்கு அதில் பங்கு ஒன்றும் இருக்கவில்லை.